காது தங்கராசுவின் வால்வு ஆம்ப்

நான் சொல்லப்போவது முழுக்க முழுக்க உண்மை. வெள்ளாற்றுப் பாலத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். எடை விஷயத்தில் மட்டும் கை கொஞ்சம் தாராளமாகப் போயிருக்கும். சத்தம் விஷயத்திலும்தான். சரி, தங்கராசுவின் காது விஷயத்திலும் கொஞ்சம். மிச்சமெல்லாம் நடந்தது நடந்தபடி.

புவனகிரியில் தைலம்மாள் டீக்கடையில், மத்தியானம் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து இதைச் சொல்ல ஆரம்பித்தேன். கேட்க மூன்று பேர். கடைக்காரி தைலம்மாள், நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிற சுப்பராயலு, ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி செய்கிற சேரன். நான் வாயைத் திறப்பதற்குள் சுப்பராயலு குறுக்கே விழுந்தார்.

"இதுல எவ்ளோ உண்ம, எவ்ளோ உன் சரக்கு?"

"அக்கா கடை டீ மாதிரி மாமா. பாலும் இருக்கும், தண்ணியும் இருக்கும்."

"என் பால பத்திப் பேசுன, கொதிக்கற தண்ணிய எடுத்து மூஞ்சில ஊத்திடுவேன்" என்றாள் தைலம்மாள். எனவே பாலை விட்டுவிட்டுத் தங்கராசுவுக்கு வந்தேன்.

தங்கராசுவுக்குச் சிதம்பரத்தில் பிரிட்ஜ் ரிப்பேர் கடை. முகூர்த்த நாளில் எங்கள் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிதார் வாசிப்பார். நான் அதே குழுவில் ரிதம் பேட் தட்டுகிறவன். பேஸ் கிதாருக்கு நாலே கம்பி. பாட்டுக்கு அடியில் தும் தும் என்று ஓடிக்கொண்டிருக்கும். ஓடும்போது யாரும் கவனிக்கமாட்டார்கள். நின்றுவிட்டால் மட்டும், சாம்பாரில் உப்பு இல்லாததுபோல எல்லோரும் மேடையைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்த மனிதரின் காது சாதாரணக் காது இல்லை. எதிர்வீட்டுப் பிரிட்ஜ் உறுமுவதை வைத்து உள்ளே எத்தனை முட்டை இருக்கிறது என்று சொல்வார். தூரத்தில் வருகிற பஸ்ஸின் ஹாரனைக் கேட்டு, டிரைவருக்குச் சளி பிடித்திருக்கிறது என்பார். ஊரில் அவரைக் காது தங்கராசு என்றால்தான் தெரியும். அவரும் கடைப் பலகையில் அப்படியே எழுதி வைத்துக்கொண்டார். அந்தப் பேரில் அவருக்கு அவ்வளவு பெருமை.

கிதார் சத்தத்தைப் பெரிதாக்குகிற ஆம்ப் ஒன்று அவரிடம் இருந்தது. பாண்டிச்சேரியில் ஒரு ஹோட்டல் பேண்டு கலைந்தபோது பிடித்து வந்தது. பழைய வால்வு ஆம்ப். உள்ளே பல்பு மாதிரிக் கண்ணாடிக் குழாய்கள் வரிசையாக நின்று செக்கச்செவேல் என்று எரியும். பக்கத்தில் போனால் குளிர்காலத்தில் கை காய்ச்சலாம். எடை ஒரு எருமைக்கன்று எடை. கன்றாவது தானாக நடந்து வரும்.

அதைத் தூக்குவது தங்கராசு இல்லை. அவர் மனைவி பவானியின் தம்பி இளவரசு. அக்காவுக்குக் கல்யாணமான புதிதில், "நான் தூக்கறேன் மாமா" என்று ஒரு மரியாதைக்குச் சொன்னான். அக்கா புருஷனிடம் ஒருமுறை சொல்லிவிட்டதை எப்படித் திரும்ப வாங்குவது? கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே எத்தனை கல்யாண மண்டபம் உண்டோ அத்தனை படிக்கட்டிலும் அந்தக் கன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினான். போகப்போக இடுப்பில் அகலமான பெல்ட் ஒன்று கட்ட ஆரம்பித்தான். தங்கராசு அதைப் பார்த்துவிட்டு, "ஸ்டைலா இருக்குதுடா மச்சான்" என்றார்.

இப்படியிருக்கையில் குழுவை நடத்துகிற பாடகி தமிழ்ச்செல்வி பெரிய வேனைக் கொடுத்துவிட்டு ஒரு சின்ன வண்டி எடுத்தாள். கூடவே புதிதாக ஒரு பேஸ் ஆம்ப். டிஜிட்டல். அதை ஒற்றைக் கையில் தூக்கி வந்து தங்கராசு முன்னால் வைத்தாள்.

"என்னா தமிழு, சாப்பாடு கட்டிக்கினு வந்துட்டியா?" என்றார் தங்கராசு.

"அண்ணே, இது ஆம்ப்பு. உங்களுத விட இதுல வாட்ஸ் ஜாஸ்தி."

"வாட்ஸ் வேற, அடி வேற. இது சத்தம் போடும். நம்புளுது அடிக்கும். முன்வரிசைல ஒக்காந்துக்கினு இருக்கறவன் சட்டைப் பட்டன் தெறிக்கும்."

"ரெண்டும் எனக்கு ஒண்ணாதான் கேக்குதுண்ணே. கண்ண மூடிக்கினு எது எதுன்னு சொல்லிடுவீங்களா?"

"கண்ண மூடிக்கினு என்னா, காத மூடிக்கினே சொல்லுவேன்!"

அங்கேயே பேச்சு முடிந்தது. அடுத்த நிகழ்ச்சி கடலூர் செம்மண்டலத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. மத்தியானமே போய், மேடைத் திரையை இழுத்துவிட்டு, இரண்டு ஆம்ப்பையும் பின்னால் மறைத்து வைப்பது. தங்கராசு சரியாகச் சொல்லிவிட்டால் வால்வு ஆம்ப் குழுவோடு எப்போதும் வரும். சொல்லாவிட்டால் அது வீட்டில் கிடக்கும். இந்த அளவோடு விட்டிருக்கலாம். தங்கராசுதான் மேலே ஒன்றைச் சேர்த்தார்.

"தப்பாச் சொல்லிட்டேன்னா, அதுக்கப்புறம் ஒரு பய என்னைக் காதுன்னு கூப்புடக் கூடாது."

அன்றைக்கு இளவரசு காலையிலேயே வண்டியில் சாமான்களோடு போய்விட்டான். தங்கராசு எப்போதும் எல்லாம் எடுத்து வைத்த பிறகு வருகிற ஆள். நானும் அவரும் சிதம்பரத்தில் பஸ் ஏறினோம். புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் பாடம் ஆரம்பித்துவிட்டார்.

"மூணு ஜாதி ஆம்ப்பு இருக்குதுடா. வால்வுன்றது மாமியார் வூட்டு சாப்பாடு. போதும் போதும்னாலும் எலைல வுழுந்துக்கினே இருக்கும். அளவு தாண்டுனா லேசா கரகரத்து, கொழகொழன்னு ரொம்பும். அதனாலதான் கம்மி வாட்ஸே பெருசாக் கேக்குது. டிரான்சிஸ்டருன்றது ஆஸ்டல் சாப்பாடு. அளவு தாண்டுன, பட்டுனு கரண்டிய வச்சிடுவான்."

"அப்ப டிஜிட்டலு?"

"பார்சலு. சூடும் கெடயாது, கனமும் கெடயாது. பிரிச்சா சாம்பாரு பாக்கெட்டுல தனியா இருக்கும்."

முன்சீட்டில் இருந்த அம்மாவுக்குப் பசியே எடுத்துவிட்டது. பையிலிருந்து முறுக்கை எடுத்துக் கடிக்க ஆரம்பித்தது.

மண்டபம் மாடியில். படிக்கட்டுக்கு அடியில் பந்தல்காரர்கள் சாமான், சுருட்டின ஜமக்காளம், நாற்காலி எல்லாம் குவிந்து கிடந்தன. தங்கராசு அந்தக் குவியலில் கல் மாதிரி இருந்த ஒன்றின் மேல் சாவகாசமாக உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். பிறகு ராஜா மாதிரி மேலே ஏறினார்.

மேலே எல்லாம் தயார். திரை இறங்கியிருந்தது. திரைக்கு முன்னால் கிதாரோடு தங்கராசு, கையில் போனோடு தமிழ்ச்செல்வி. சத்தத்தை அளக்கிற ஆப் ஒன்றைப் போனில் போட்டு வைத்திருந்தாள். ஒயரை மாற்றி மாற்றிச் செருகத் திரைக்குப் பின்னால் இளவரசு. பூ அலங்காரம் செய்கிறவர்கள் ஏணியில் நின்றபடியே வேலையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

"வால்வு சூடாச்சாடா மச்சான்?" என்று குரல் கொடுத்தார் தங்கராசு.

"ஆச்சு மாமா" என்றது திரை.

தமிழ்ச்செல்வி, "ஒண்ணு" என்றாள். தங்கராசு வாசித்தார். தும் தும் என்று நன்றாகத்தான் கேட்டது. "ரெண்டு" என்றாள். பின்னால் ஒயர் கழன்று மாட்டுகிற டக் சத்தம். அதே அடியை மறுபடி வாசித்தார். இந்தமுறை தரை அதிர்ந்தது. ஏணியில் இருந்தவன் கையிலிருந்த சாமந்தி உதிர்ந்தது.

"ரெண்டு! இதான் எம் புள்ள!" என்று தங்கராசு குதித்தார்.

தமிழ்ச்செல்வி போனைக் காட்டினாள். "ரெண்டாவதுல சத்தமே ஜாஸ்தியா இருக்குதுண்ணே. சத்தம் ஜாஸ்தியா வச்சா எதுவுமே நல்லாதான் கேக்கும். இளவரசு, ரெண்டையும் சமமா வையி."

"வையி வையி. சமமா வச்சாதான் யாரு ஆம்பளைன்னு தெரியும்" என்றார் தங்கராசு பெருந்தன்மையோடு.

போனில் எண் ஒன்றாக வருகிறவரை திருகச் சொன்னாள். பிறகு மறுபடியும் ஒன்று, இரண்டு. தங்கராசு கண்ணை இறுக மூடிக்கொண்டார். முகத்தில் சாமி வந்த களை.

"ஒண்ணு கேட்டீங்களா? எலும்பு இல்லாத கறி. வாயில வச்சா ஒண்ணுமே இல்ல. இப்ப ரெண்டு கேளுங்க. வந்து நெஞ்சுல கைய வக்கிது பாரு! அடில ஒரு உறுமல் கேக்குதா? அதான் வால்வு வுடற மூச்சு. டிஜிட்டலுக்கு ஏது மூச்சு?"

எனக்கும் அந்த உறுமல் கேட்டது. சத்தியமாகக் கேட்டது. ஏணிக்காரனும் தலையாட்டினான்.

"அப்ப ரெண்டாவதுதான் உங்களுது?"

"எழுதி வச்சிக்க."

"சரி, ரெண்டாவது எதுடா இளவரசு?"

"வால்வுதாங்க்கா" என்றது திரை, அவசர அவசரமாக.

தங்கராசு கிதாரைத் தலைக்கு மேல் தூக்கினார். தமிழ்ச்செல்வி தோற்றாலும் சிரித்துக்கொண்டே போய்த் திரைக்கயிற்றை இழுத்தாள்.

பின்னால் ஒரே ஒரு ஆம்ப் இருந்தது. தமிழ்ச்செல்வி வாங்கி வந்த அந்த டிபன் பாக்ஸ். பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. இளவரசு தரையில் கால் நீட்டி, ஸ்பீக்கர் பெட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஒரு கையில் ஒயர், ஒரு கை இடுப்பில். முகமெல்லாம் வியர்வை.

"வால்வு எங்கடா?"

"கீழ மாமா. படிக்கட்டுக்கு அடில."

"அப்ப ஒண்ணு எது?"

"இது."

"ரெண்டு?"

"இதேதான் மாமா. ஒயர புடுங்கி இதுலயேதான் சொருவுனேன். மொதவாட்டி மட்டும், வித்தியாசம் தெரியட்டும்னு சத்தத்த கொஞ்சம் ஏத்தி வுட்டேன்."

"அந்த உறுமலு?"

ஏணிக்காரன் மேலே கையைக் காட்டினான். தலைக்கு மேல் ஒரு பழைய ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு ஏணியில் இருந்தவர்கள் ஏணியில் இல்லை. சிரித்துச் சிரித்துக் கீழே இறங்கிப் பூக்கூடையில் உட்கார்ந்துவிட்டார்கள். சமையல்கட்டிலிருந்துகூடக் கரண்டியோடு வந்து, என்ன என்ன என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

தங்கராசு கத்தினார். "ஏன்டா, ஊரு முன்னாடி என்னைப் பைத்தியக்காரனாக்கிட்டியே?"

"இல்ல மாமா. நீங்க எத காட்டுனாலும் அதான் வால்வுன்னு சொல்லிட்லாம்னு இருந்தேன். உங்க பேரு நிக்கட்டும்னுதான். தமிழக்கா தெரைய இழுப்பாங்கன்னு நெனக்கல."

"அத தூக்கிக்கினு வந்துருந்தா இவ்ளோ வம்பே இல்லயேடா!"

"தூக்குனேன் மாமா. மொதப் படியில இடுப்புல களுக்குன்னுச்சி. அப்புறம் காலு நிக்கவே இல்ல. வாட்ச்மேன்தான் அத தள்ளி வச்சிட்டு, என்னைப் புடிச்சி மேல கொண்டாந்து வுட்டாரு."

அப்போது சிரிப்பு நின்றது. கரண்டியோடு வந்தவர் கரண்டியோடு திரும்பிப் போனார். தங்கராசு இளவரசுவின் இடுப்பைப் பார்த்தார். பெல்ட்டைப் பார்த்தார். அவர் காது இரண்டும் பழுத்த மிளகாய் மாதிரி ஆனது. கிதாரைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் கீழே இறங்கிப் போனார்.

வெட்கப்பட்ட மனுஷன் என்ன செய்வான்? வீட்டுக்குப் போவான், இல்லையென்றால் எங்கேயாவது போய் உட்காருவான். இவர் படிக்கட்டுக்கு அடியில் போய் ஜமக்காளத்தை விலக்கினார். ஷூ கழற்ற உட்கார்ந்தது தன் ஆம்ப்பின் மேலேயேதான் என்று அப்போதுதான் தெரிந்தது. அதை நெஞ்சோடு அணைத்தார். தூக்கினார். வாழ்க்கையில் முதல்முறையாகத் தானே தூக்கினார்.

பாதிப் படி ஏறினார். படி திரும்புகிற இடத்தில் மூச்சு முடிந்துவிட்டது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறக்க முடியவில்லை. அப்படியே சுவரில் சாய்ந்து சரிந்து, அந்தக் கன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்துப் பெண்வீட்டார் பஸ் வந்து நின்றது. பட்டுப்புடவைகள் ஒவ்வொன்றாக அவரை ஒட்டி ஒடுங்கி மேலே ஏறின.

"அண்ணே, சாப்பாடு மேலயா கீழயா?"

"மேல" என்றார்.

"பாவம், சாமான் எறக்கற ஆளு போல. யாரும் ஒத்தாசைக்கு இல்ல பாரு" என்றது ஒரு பெரியம்மா. தங்கராசு தலையைக் குனிந்துகொண்டார். நான் ஓடிப்போய்க் கை கொடுத்தேன். தொடவிடவில்லை. கொஞ்ச நேரத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இளவரசு இறங்கி வந்தான்.

"ஒரு கை குடுக்கறேன் மாமா."

"கிட்ட வராத."

"எங்க கொண்டுபோறீங்க அத?"

"தெரில."

இளவரசு மெதுவாகப் பக்கத்துப் படியில் உட்கார்ந்தான். இரண்டு பேருக்கும் நடுவில் ஆம்ப். தங்கராசு கேட்டார்.

"இத்தினி வருசம் இத எப்பிடிடா தூக்குன?"

"மூச்ச புடிச்சிக்கினு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"ஒருவாட்டி சொன்னேன் மாமா, புவனகிரி கல்யாணத்துல. நீங்க அப்ப கிதாரு டியூன் பண்ணிக்கினு இருந்தீங்க. காதுல வுழல."

 மடியில் இருந்ததை எங்காவது இறக்கி வைக்க வேண்டும் என்றுகூடத் தங்கராசுவுக்குத் தோன்றவில்லை. கடைசியில் பந்தல்காரர்கள் வந்து தூக்கிப்போய் மறுபடி கீழேயே வைத்தார்கள்.

அன்று மாலை வரவேற்பில் டிபன் பாக்ஸில்தான் வாசித்தார். கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து வாசித்தார். நான் சொல்கிறேன், அன்றைக்கு வாசித்த மாதிரி அவர் என்றைக்கும் வாசித்ததில்லை. மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் மேடைக்கே ஏறி வந்துவிட்டார்.

"தம்பி, அப்பிடியே நெஞ்சுல வந்து இடிக்குதுப்பா! என்னா ஆம்ப்பு இது?"

தங்கராசு காது கேட்காதவர் மாதிரிக் கம்பியைத் திருகினார். சித்தப்பா விடவில்லை. தோளைத் தட்டி, "என்னா ஆம்ப்புன்னு கேட்டேன்" என்றார்.  தமிழ்ச்செல்வி பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுகிற மாதிரிக் குனிந்துகொண்டாள்.

அதற்கப்புறம் தங்கராசு மாறிப்போனார். கடைப் பலகையில் 'காது' என்று இருந்த இடத்தில் பிரிட்ஜுக்கு அடிக்கிற வெள்ளை பெயிண்டைத் தானே பூசினார். பழைய பழக்கத்தில் யாராவது "காதண்ணே" என்றால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவார். எங்களோடு பஸ்ஸில் வருவதை விட்டார். முன்கூட்டியே போய், எல்லாச் சாமானையும் தானே இறக்குகிறார். எந்த ஆம்ப் நல்லது என்று யார் கேட்டாலும், "எனக்குத் தெரியாதுங்க" என்கிறார். அதை அவர் சொல்கிறபோது நமக்கே எங்காவது ஓடிவிடலாம் போல இருக்கும்.

இளவரசுவைக் கடலூரில் டாக்டரிடம் அவர்தான் கூட்டிப்போகிறார், கூட்டி வருகிறார். உள்ளே மட்டும் போகமாட்டார். ஒருநாள் டாக்டர், இவ்வளவு கனம் எதற்குத் தூக்கினாய் என்று கேட்டாராம். பவானி வெளியே வந்து இவரிடம் சொன்னாள்.

"எந்தம்பி என்னா சொன்னான் தெரியுமா? வேல பாக்கற கடைல ஒயர் பண்டலு தூக்குனேன் சார்னு சொல்றான். இன்னும் உன்ன வுட்டுக் குடுக்க மாட்டேங்கறான். நீ வெளிய பெஞ்சுல ஒக்காந்துக்கினு இரு."

அவர் அந்தப் பெஞ்சிலும் உட்காரவில்லையாம். டாக்டர் வீட்டு வாசலிலிருந்து நகர்ந்துபோய், ரோட்டுக்கு அந்தப் பக்கம் வெயிலில் நின்றாராம்.

கதை அவ்வளவுதான் என்று டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.  சேரன்தான் ஆரம்பித்தான்.

"எல்லாஞ் சரி. ஆனா இதுல வால்வு எங்க தோத்துது? வால்வுதான் மேடைக்கே வரலியே! ரெண்டு தடவையும் டிஜிட்டலே ஓடுனா, அது போட்டியா?"

"யோவ், அந்தப் பய இடுப்பு போச்சி. நீ இன்னும் வால்வுலயே நிக்கற?" என்றார் சுப்பராயலு.

"இடுப்பு வேற, ஆம்ப்பு வேற மச்சான். ஒரே பொட்டி, ஒரே ரூமு, ஒரே சத்தம் வச்சி மறுபடியும் நடத்தணும். பொட்டி நான் தரேன். வால்வு அடிக்கும், நான் சொல்றேன்."

"சரி நடத்து. மாடிக்கு அத யாரு தூக்கறது? நீ தூக்கறியா?"

"நான் ஏன் தூக்கறேன்? நான் பொட்டிதான் செய்யறவன்."

"பாத்தியா! இதே பேச்சதான் அந்தத் தங்கராசுவும் பேசிக்கினு இருந்தான்!"

"ரெண்டு பேரும் நிறுத்துங்க" என்று தைலம்மாள் கரண்டியால் பால் சட்டியைத் தட்டினாள். "தப்பு அந்த இளவரசு மேல. வாய் இருக்குதில்ல? முடியாதுன்னு மொத நாளே சொல்றதுக்கு என்னா? ஊமையா அவன்?"

"அக்கா, அதான் சொன்னானே, புவனகிரில சொன்னான்ல!" என்றேன் நான்.

"ஒருவாட்டி சொன்னா போதுமா? கேக்கற வரைக்கும் கத்தணும்!"

"அப்பிடி வா! உம் புருசன் இந்தக் கடைக்குத் தண்ணிக் கொடத்த எத்தினி வருசமா தூக்கறான்? அவன் கத்துனா உனக்குக் கேக்குமா?" என்றார் சுப்பராயலு.

"என் வூட்டுக்காரர எதுக்கு இழுக்கற? எழுந்திரு மொதல்ல பெஞ்ச வுட்டு!"

"எழுந்திரிக்க முடியாது. டீ குடிச்சிருக்கேன்!"

"டிராக்டர் ஓட்றவனுக்கு ஆம்ப்ப பத்தி என்னா தெரியும்?" என்று சேரன் இடையில் எகிறினான். "உன் எஞ்சின் சத்தத்துல காது எப்பவோ போச்சி!"

"யாருக்குடா காது போச்சி?" சுப்பராயலு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். சேரனும் எழுந்தான். தைலம்மாள் இரண்டு பேருக்கும் நடுவில் சுடுதண்ணிச் சொம்போடு வந்து நின்றாள். நான் பெஞ்சின் அந்த ஓரத்துக்கு நகர்ந்தேன். நகர்கிறதற்குள், "எல்லாம் இவனாலதான்!" என்று மூன்று பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.